பொட்டலத்தில் மது!

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே கிளம்பினால் முந்தல் வரை ஏறக்குறையச் சமதளம். அங்கே தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டியதும் மலை. 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறினால் போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம். பொழுது புலர்வதற்கு முன்பே இந்தப் பாதையில் ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. உள்ளே, ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். கையில் தூக்குவாளி, குளிருக்குத் தலையைச் சுற்றி ஒரு துண்டு. மாலையில் அதே ஜீப்புகள் இறங்குகின்றன. கூலி நாளானால் மடியில் கூலிப் பணம் இருக்கும். அந்தப் பணம் வீட்டு அடுப்புக்குப் போகிறதா, வீட்டுக்காரரின் சட்டைப் பைக்குப் போய் அங்கிருந்து மதுக்கடைக்குப் போகிறதா என்பது மலையடிவாரத்துக் குடும்பங்களின் அன்றாடக் கேள்வி.

சாவடியில் நிற்கும் காவலர்களுக்கு மதுவைக் கண்டுபிடிப்பது புதிய வேலையல்ல. பாட்டில், கேன், லாரி டியூப், காய்கறிக் கூடைக்கு அடியில் ஒளித்த பிளாஸ்டிக் பை என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். எடுத்துக் குலுக்கினால் சத்தம் கேட்கும். மூடியைத் திறந்தால் நெடி வரும். கதை அதோடு முடிந்தது.

ஆனால் ஒரு நாள் இப்படி நடப்பதாக வைத்துக் கொள்ளலாம். ஜீப்பிலிருந்து இறங்கும் ஓர் இளைஞனின் தோள்பையில் நூறு பொட்டலங்கள்.

"என்னப்பா இது?"

"பொடி ஐயா."

"என்ன பொடி?"

"தண்ணியில கலக்கிக் குடிக்கிற பொடிதான் ஐயா."

காவலர் குலுக்கிப் பார்க்கிறார். சலசலப்பு இல்லை. முகர்ந்து பார்க்கிறார். ஏலக்காய் மூட்டைகளோடு வந்த ஜீப்பில் எல்லாமே ஏலக்காய் வாசனைதான். பிரித்துப் பார்த்தால் குளுக்கோஸ் மாவு போல வெள்ளையாக ஏதோ இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால், ஒரு கிளாஸ் மது.

போடிமெட்டில் இது நடந்ததில்லை. ஆனால் இந்தப் பொடி கட்டுக்கதையுமல்ல. ஜப்பானில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. அமெரிக்காவில் அது கடைக்கு வரும் முன்பே சட்டசபைகளைக் கலங்க அடித்தது. அந்த இளைஞனைக் காவலர் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பிடிப்பார் என்பதுதான் கேள்வி.

ஒரு சொல்லில் இருக்கும் சிக்கல்

தமிழ்நாட்டில் மது சம்பந்தமான அடிப்படைச் சட்டம் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது பிறந்தது. கடைகளுக்கு லைசென்ஸ் கொடுப்பதும், கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களைச் சிறைக்கு அனுப்புவதும் இன்றும் இதே சட்டத்தின் கீழ்தான். மதுவிலக்குச் சட்டத்தை வைத்துக் கொண்டு மது விற்பது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். விதிவிலக்கு என்று ஒன்று இருக்கிறதே!

இந்தச் சட்டத்தில் 'மது' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம், அதற்கும் முந்தைய 1886ஆம் வருஷத்து சென்னை அப்காரிச் சட்டத்திலிருந்து வந்தது. கள், சாராயம், ஒயின், பீர், எரிசாராயம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பெரிய வலையை வீசுகிறது: ஆல்கஹாலால் ஆன அல்லது ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவமும் மது.

திரவம்! 1886இல் சட்டம் எழுதிய வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு மது என்பது ஓடும், வழியும், சிந்தும். அது பொட்டலத்தில் உட்காரும் என்று யார் கனவு கண்டார்கள்?

மலையின் அந்தப் பக்கம் போனால் வேறு சட்டம். ஆனால் அதே சொல். கேரளத்தில் நடப்பது கொல்லம் ஆண்டு 1077இன் அப்காரிச் சட்டம். பழைய கொச்சி சமஸ்தானத்தில் பிறந்தது. அதுவும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் 'எல்லாத் திரவமும்' என்றுதான் சொல்கிறது. 17 வளைவுகளை ஏறினாலும் இறங்கினாலும், பொடியைப் பற்றிச் சட்டத்தின் வாய் திறக்கவில்லை.

சட்டம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு வாதத்தை எழுப்பக்கூடும். 'மது என்றால் இவை' என்று சட்டம் கதவைச் சாத்தவில்லை; 'மது என்பதில் இவையும் அடங்கும்' என்றுதான் சொல்கிறது. ஆகவே நீதிபதிகள் மனது வைத்தால் பொடியையும் உள்ளே இழுத்துக் கொள்ளலாம். இது நல்ல வாதம்தான். ஆனால் குற்றவியல் சட்டத்தில் சந்தேகத்தின் பலன் எதிரிக்கே என்பது பால பாடம். ஒரு கெட்டிக்கார வக்கீல் எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, இந்தப் பொட்டலத்தைச் சாய்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழுகிறதா?" என்று கேட்டால், அரசாங்க வக்கீல் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்வார். தண்ணீர் ஊற்றிய அடுத்த நிமிஷம் அது சந்தேகமில்லாமல் மது. அதற்கு முந்தின நிமிஷம்?

ஆல்கஹால் எப்படிப் பொடியாகும்?

ஆல்கஹால் தானாக உறைந்து பொடியாவதில்லை. அதை உறைய வைக்க வேண்டுமானால் சூன்யத்துக்குக் கீழே 114 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். ஆகவே செய்வது வேறு வேலை. ஆல்கஹாலை ஒரு மாவுக்குள் சிறை வைக்கிறார்கள்.

மாவுச்சத்தை நொதியால் பக்குவப்படுத்தினால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற ஒரு வகைச் சர்க்கரை கிடைக்கும். அதன் அணுக்கூட்டம் வளையல் மாதிரி வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். ஆறு, ஏழு அல்லது எட்டு குளுக்கோஸ் துண்டுகள் கைகோத்துக் கும்மி அடிப்பது போல. அந்த நடு ஓட்டையில் ஆல்கஹால் போய் ஒளிந்து கொள்கிறது. கையில் தொட்டால் உலர்ந்த பொடி. தண்ணீரில் போட்டால் சிறை திறந்து ஆல்கஹால் வெளியே வந்துவிடுகிறது.

இன்னொரு முறை, பால் பவுடர் செய்கிற முறை. மாவுச்சத்தைக் கரைத்து அதில் ஆல்கஹாலைக் கலந்து, சூடான காற்றில் பனித்துளி போலத் தெளிப்பார்கள். துளியின் மேல் ஒரு தோல் படியும். அந்தத் தோலின் வழியே தண்ணீர் ஆவியாகி ஓடிவிடும். ஆல்கஹால் வெளியேற முடியாமல் உள்ளே மாட்டிக் கொள்ளும்.

போடி ஏலக்காய் வியாபாரிகளுக்கு இந்த வித்தை ஆச்சரியமாக இராது. ஏலக்காயின் வாசனை எண்ணெயையும் இதே போலத்தான் பிசின், மாவு இவற்றுக்குள் அடைத்துப் பொடியாக்கி, பிஸ்கட் கம்பெனிகளும் ஐஸ்கிரீம் கம்பெனிகளும் வாங்குகின்றன. வாசனையை அடைக்கத் தெரிந்தவனுக்கு லாகிரியை அடைப்பதா கஷ்டம்?

ஜப்பான் செய்த காரியம்

ஜப்பானில் ஸாத்தோ என்ற உணவுப் பொருள் கம்பெனி 1960களிலேயே இந்தப் பொடியைச் செய்துவிட்டது. குடிப்பதற்கு அல்ல, பெரும்பாலும் சமையல் தயாரிப்புகளில் மணமும் பதமும் சேர்ப்பதற்கு. ஆனால் வரி அதிகாரிகளுக்குத் தலைவலி. மதுவுக்கு வரி உண்டு. மாவுக்கு மது வரி கிடையாது. இது மதுவா, மாவா?

ஜப்பானியர்கள் கூட்டம் போட்டுக் கூச்சலிடவில்லை. 1981இல் மது வரிச் சட்டத்தைத் திருத்தி, 'பொடி மது' என்று ஒரு தனி இனத்தையே சேர்த்து விட்டார்கள். அதற்கு அவர்கள் எழுதிய இலக்கணம் அழகானது. கரைத்தால் நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள பானமாக ஆகக்கூடிய பொடி எதுவோ, அதுவும் மதுவே. பொடி எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது என்னவாக ஆகும் என்று பார்த்தார்கள். கலத்தில் இருக்கும் நெல்லைச் சோறு என்று சொல்வது மாதிரி இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வரி வசூலும் நடந்தது, வழக்கும் குறைந்தது.

ஐரோப்பாவில் இதே விஷயம் விளையாட்டுப் போல வந்தது. 2007இல் ஹாலந்து தேசத்தில் சில தொழிற்கல்வி மாணவர்கள், பள்ளிப் பாடத்தின் ஒரு பகுதியாக, பாக்கெட்டில் அடைத்த மதுப்பொடியைத் தயாரித்தார்கள். தண்ணீரில் போட்டால் நுரை பொங்கும் இளம் மது. சுமார் 3 சதவிகித ஆல்கஹால். அந்த மாணவர்களே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். இது திரவ வடிவில் இல்லை. ஆகவே 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் விற்கலாம் என்று! சட்டத்தின் ஓட்டையைப் பெரியவர்கள் கண்டுபிடிக்க வருஷங்கள் ஆகும்; பையன்கள் ஒரு பருவத் தேர்வுக்குள் கண்டுபிடித்து விட்டார்கள்.

அமெரிக்காவில் அமளி

பெரிய அமளி அமெரிக்காவில்தான். அரிஸோனாவைச் சேர்ந்த மார்க் பிலிப்ஸ் என்பவர் 'பால்கஹால்' என்ற பெயரில் ஒரு பொடியை உருவாக்கினார். சுமார் 29 கிராம் எடையுள்ள ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்தால் ஒரு கோப்பை மது. மலையேறுகிறவர்கள் கனமான பாட்டிலைச் சுமக்க வேண்டியதில்லை என்பது அவர் சொன்ன காரணம். 2014 ஏப்ரலில் மத்திய சர்க்காரின் மது வரி இலாகா அவருடைய லேபிள்களுக்கு அனுமதி கொடுத்தது. 13 நாட்களில் 'தவறுதலாகக் கொடுத்து விட்டோம்' என்று வாபஸ் வாங்கியது. மறுபடி 2015 மார்ச் 10ஆம் தேதி அனுமதி வந்தது.

அதற்குள் ஊரெல்லாம் கிலி. பிள்ளைகள் புத்தகப் பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டு போவார்கள். மூக்குப் பொடி போல உறிஞ்சுவார்கள். ஏற்கனவே குடிக்கிற மதுவிலேயே இதையும் கலந்து இரட்டை வேகமாக்குவார்கள். அடுத்தவர் கோப்பையில் தெரியாமல் தூவுவார்கள். செனட்டர் சார்லஸ் ஷூமர் நாடு முழுவதும் தடை கேட்டு மசோதா கொண்டு வந்தார். மாநிலங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வரிசையாகத் தடை விதித்தன. வேறு சில, தடை செய்யாமல், 'மது என்பதில் பொடியும் அடங்கும்' என்று மட்டும் சேர்த்துக் கொண்டு லைசென்ஸ் வளையத்துக்குள் கொண்டு வந்தன. குளிர்ப் பிரதேசமான அலாஸ்கா, 1990களிலேயே இதைத் தடுத்து வைத்திருந்தது. கடைசியில் பால்கஹால் பரவலாகக் கடைகளுக்கு வரவே இல்லை.

அந்தக் கிலியில் பாதி மிகை என்றுதான் சொல்ல வேண்டும். பொடியில் ஆல்கஹாலோடு மாவின் எடையும் சேர்கிறது. அதே போதைக்கு, சாராயத்தை விடப் பொடி கூடுதல் இடத்தை அடைக்கும். மூக்கால் உறிஞ்சுவதும் நடைமுறையில் எரிச்சல் மிகுந்த, சித்திரவதையான காரியம். ஆனால் மற்றொரு பாதியை ஒதுக்கிவிட முடியாது. குழந்தைக்குப் பாட்டிலைக் கண்டால் இது அப்பாவின் சமாசாரம் என்று தெரியும். எலுமிச்சை வாசனைப் பொட்டலத்தைக் கண்டால் என்ன தெரியும்?

தாகம் வழி கண்டுபிடிக்கும்

அமெரிக்கர்கள் இவ்வளவு மிரண்டதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1920 முதல் 1933 வரை அங்கே தேசம் முழுவதும் மதுவிலக்கு. அந்தக் காலத்தில் திராட்சைச் சாற்றை இறுக்கிச் செங்கல் போலச் செய்து விற்றார்கள். வாங்குகிறவர் தண்ணீரில் கரைத்துச் சாறாகக் குடிக்கலாம். கூடவே ஓர் 'எச்சரிக்கை'யும் தருவார்கள்: கரைத்த சாற்றை ஜாடியில் ஊற்றி அலமாரியில் இருபது நாள் வைத்து விடாதீர்கள், வைத்தால் ஒயினாகிவிடும்! செய்முறை விளக்கத்தை இதைவிடச் சாதுரியமாக யாரும் எழுதியதில்லை.

அது சிரிப்புக் கதை. சிரிக்க முடியாத கதையும் உண்டு. அதே நாட்டில் 'ஜமைக்கா இஞ்சி' என்ற வயிற்று மருந்து. நிறைய ஆல்கஹால் உள்ளது. அதைச் சாராயமாகக் குடித்து விடக் கூடாது என்பதற்காக, வாயில் வைக்க முடியாதபடி இஞ்சிச் சத்து அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று சர்க்கார் விதித்தது. அதிகாரிகள் மருந்தைக் காய்ச்சி, மிஞ்சுகிற வண்டலை எடை போட்டுப் பார்ப்பார்கள். பாஸ்டன் நகரத்து வியாபாரிகள் இருவர் எடைக்கு எடை காட்ட, இஞ்சிக்குப் பதில் தொழிற்சாலையில் பயன்படும் ஒரு ரசாயனத்தைக் கலந்தார்கள். 1930இல் அதைக் குடித்தவர்கள் கால்கள் விழுந்து முடங்கினார்கள். பல ஆயிரம் பேர், பெரும்பாலும் ஏழைகள். சோதனையில் தேறிய மருந்து மனிதனைத் தேற விடவில்லை.

சென்னை மாகாணத்துக்கும் இது அந்நியமான கதையல்ல. 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. (மதுவிலக்கு பல முறை போனது, வந்தது, விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.) யுத்த காலத்தில் மதுவிலக்கு நின்றது, 1946இல் மீண்டும் படிப்படியாக வந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருந்தபோது, 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதையும் மூடியது. அன்று மதுரை ஜில்லாவில் இருந்த போடியும் அதில் சேர்ந்தது. மலைக்கு மேலே திருவாங்கூர். அங்கே வேறு ராஜ்யம், வேறு சட்டம்.

கடை மூடினாலும் தாகம் மூடவில்லை. மருந்துக் கடை டிங்க்சர் தொண்டைக்குப் போனது. மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னீஷ், பிரெஞ்சு பாலிஷ் இவற்றிலிருந்து சாராயத்தைப் பிரித்துக் குடிக்க ஆரம்பித்தார்கள். சர்க்கார் துரத்தியது. 1959இல் எரிசாராயம், மெதைல் ஆல்கஹால், வார்னீஷ் இவற்றுக்கென்றே தனி விதிகள் எழுத வேண்டி வந்தது. நாற்காலிக்குப் பூசும் பாலிஷை மதுவிலக்கு விதிகளில் சேர்த்த விநோதம் இப்படித்தான் நிகழ்ந்தது. மருந்து ரூபத்தில் வந்த ஆல்கஹாலுக்கு மத்திய சர்க்கார் 1955இல் ஒரு சட்டம் போட்டது. அதன் விதிகள் மருந்துகளை இரண்டாகப் பிரித்தன. சாராயமாகக் குடிக்கத் தோதானவை ஒரு பக்கம், அல்லாதவை மறு பக்கம். அந்தச் சட்டம் 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ரத்தாயிற்று.

ஏலக்காயும் இதில் உண்டு

போடி மக்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சமாசாரம் ஒன்று இருக்கிறது. அவர்கள் தரம் பிரித்து, சலித்து, ஏலம் விடுகிற அதே ஏலக்காய்க்கு ஆல்கஹாலோடு பழைய உறவு உண்டு. ஆங்கில மருந்து நூல்களில் ஏலக்காய் டிங்க்சர் என்று இரண்டு வகை. ஒன்று, ஏலக்காயோடு சீமைச் சோம்பும் லவங்கப் பட்டையும் சேர்ந்து செந்நிறமாக இருக்கும் கூட்டு டிங்க்சர். மற்றொன்று வாசனை டிங்க்சர். ஏலக்காய், கிராம்பு, லவங்கப் பட்டை எண்ணெய்களோடு இஞ்சி டிங்க்சரும் சேர்ந்தது. இந்த இரண்டாவதில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஆல்கஹால்! கடையில் விற்கும் பிராந்தியில் அதில் பாதிதான். அஜீரணத்துக்குச் சொட்டுக் கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து. அளவு தப்பினால் அது வேறு வஸ்து. இத்தகைய தொல்லைக்காகத்தான், 12 சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோபதி மருந்துகளைக் கடைகளில் 30 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் விற்கக் கூடாது என்று மருந்து விதிகள் சொல்கின்றன. குடிகாரனைத் தடுக்க முடியாத இடத்தில், புட்டியைச் சின்னதாக்கினார்கள்.

ஆனால் அளவுக்கு மீறித் துரத்தினாலும் ஆபத்து. பம்பாய் மாகாணத்தில் 1949இல் வந்த மதுவிலக்குச் சட்டம் ஆல்கஹால் உள்ள எல்லாத் திரவத்தையும் ஒரே கயிற்றில் கட்டியது. பால்சாரா என்ற பம்பாய்க்காரர் கோர்ட்டுக்குப் போனார். விஸ்கி, பிராந்தி மட்டுமல்ல, அத்தர் தண்ணீரும் மருந்து ஒயினும் வைத்துக் கொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்றார். 1951இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டத்தின் பெரும்பகுதி செல்லும்; ஆனால் ஆல்கஹால் கலந்த மருந்தையும் வாசனைப் பொருள்களையும் வைத்திருப்பதையே குற்றமாக்குவது நியாயமான கட்டுப்பாடு அல்ல, அந்தப் பகுதி செல்லாது. பொடிக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் இதை மறக்கலாகாது. 'ஆல்கஹால் கலந்த எந்தப் பொருளும்' என்று கண்ணை மூடிக் கொண்டு எழுதினால், நாளை வாசனைப் பொடி செய்கிற ஏலக்காய் வியாபாரியும் கலால் இலாகா வாசலில் நிற்க வேண்டி வரும்.

பம்பாய்ச் சட்டத்தில் ஒரு புத்திசாலித்தனமும் இருந்தது. திரவங்களைச் சொன்னதோடு, போதை தரும் வேறு எந்தப் பொருளையும் சர்க்கார் அறிவிக்கையின் மூலம் மது என்று அறிவித்துக் கொள்ளலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தார்கள். 2016இல் பீகார் போட்ட மதுவிலக்குச் சட்டம் இன்னும் அகலம். மதுவுக்குப் பதிலாகப் பயன்படக்கூடிய எந்தத் தயாரிப்பும் அதன் வலையில் விழும்.

யாருக்கு வரி?

பொடி விஷயத்தில் ஒழுக்கம் மட்டுமல்ல, கஜானாவும் இருக்கிறது. அரசியல் சட்டப்படி 'போதை தரும் மது' மாநிலங்களின் அதிகாரம். மனிதர் அருந்தும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கிறது; அதன் வரி மாநிலத்துக்கே. பொடி, மது அல்ல என்று ஒரு கோர்ட்டு சொல்லிவிட்டால், அது பிஸ்கட்டும் சோப்பும் போல ஜி.எஸ்.டி. சரக்காகிவிடும். 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் ஒன்றே நடத்தும் தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயமா? குடிக்கு எதிரானவர்களும், குடியால் வரும் வருமானத்தை நம்பி இருப்பவர்களும் ஒரே குரலில் பேசக்கூடிய அபூர்வ விஷயம் இது.

2024 அக்டோபர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மாநிலங்களின் கையை வலுப்படுத்தியது. 'போதை தரும் மது' என்பது குடிக்கிற மதுவை மட்டும் குறிப்பதல்ல, தொழிற்சாலை ஆல்கஹாலும் அதில் அடங்கும் என்று கூறி, 1990இல் ஏழு நீதிபதிகள் சொன்னதைத் தள்ளி வைத்தது. பொதுஜன ஆரோக்கியத்துக்குக் கேடு செய்யும் வகையில் பயன்படக்கூடியது என்பதே அளவுகோல். அந்த அளவுகோலைப் பிடித்துக் கொண்டால், பொடிக்குச் சட்டம் போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்பதில் சந்தேகம் வராது. அதிகாரம் இருப்பது வேறு; அந்த அதிகாரத்தைக் கொண்டு எழுதிய சட்டம் இருப்பது வேறு.

கள்ளக்குறிச்சிக்குப் பின்

இதெல்லாம் வராத நோய்க்கு மருந்து தேடுவது என்று யாரேனும் சொன்னால், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும். அறுபதுக்கும் அதிகமான உயிர்கள் போயின. குடித்த சாராயத்தில் மெதனால் இருந்தது. மெதனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் போகும், பிறகு உயிர் போகும். அதற்கு முந்திய வருஷம்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டு ஜில்லாவிலும் இதே விஷம் இதே வேலையைச் செய்தது. கள்ளக்குறிச்சிக்குப் பின் அதே மாதத்தில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்று கடுமையாக்கியது. தண்டனை கூடியது. மதுவின் இலக்கணம் திரவத்திலேயே நின்றது.

பொடிக்குள் அடைபடுவது நல்ல ஆல்கஹால்தானா என்பதற்கு யார் ஜாமீன்? மெதனாலையும் அதே மாவு வளையத்துக்குள் அடைக்க முடியும். பாட்டிலில் உள்ள சாராயத்தின் வீரியத்தைக் கலால் இலாகாக்காரர்கள் மிதவைக் கருவி ஒன்றைப் போட்டு அந்த இடத்திலேயே அளந்து விடுவார்கள். பொடியில் எதை மிதக்க விடுவது? சோதனைச்சாலைக்கு அனுப்பி, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். இரவு 10 மணிக்கு முந்தலில் நிற்கிற ஒரு காவலருக்கு அது கைக்கெட்டாத வசதி. அவருக்கு வேண்டியது, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு வரி.

அந்த வரி எழுதக் கடினமானதுமல்ல. தண்ணீரிலோ வேறு பானத்திலோ கரைத்தால் போதை தரும் அளவு ஆல்கஹால் உள்ள பானமாகும் பொடி, வில்லை, கட்டி எதுவானாலும் மது என்ற பதத்தில் அடங்கும். உணவுத் தயாரிப்பிலும் மருந்திலும் சேர்ந்து, அப்படிப் பருக முடியாத நிலையில் இருப்பவை அடங்கா. இவ்வளவுதான். ஏலக்காய் வாசனைப் பொடிக்கும் பங்கமில்லை. எலுமிச்சை வாசனைப் பொட்டலத்துக்கும் தப்பிக்க இடமில்லை. இதைச் சென்னையில் மட்டும் எழுதினால் போதாது. திருவனந்தபுரத்திலும் எழுத வேண்டும். ஒரு பக்கம் குற்றமாகவும் மறு பக்கம் குற்றமில்லாமலும் இருக்கும் சரக்கு எதுவானாலும், அதைச் சுமந்து செல்ல மலைப்பாதை வேறு யாரையும் தேடாது. தினந்தோறும் ஏறி இறங்குகிற கூலி ஜீப்புகளைத்தான் தேடும். பொட்டலம் யாருடையதோ, பிடிபட்டால் ஜீப் நிற்கும். ஜீப் நின்றால் அன்றைய வேலையும் கூலியும் போவது உள்ளே உட்கார்ந்திருக்கும் பத்துப் பதினைந்து பெண்களுக்கு.

மாலை வெயில் சாயும்போது ஜீப்புகள் மெட்டிலிருந்து இறங்கி வருகின்றன. முந்தல் சாவடியில் காவலர் கை காட்டி நிறுத்துகிறார். ஏலக்காய் மூட்டைகளையும் தூக்குவாளிகளையும் தட்டிப் பார்க்கிறார். தண்ணீர் பாட்டில் ஒன்றை மட்டும் எடுத்துத் திறந்து முகர்கிறார். தண்ணீர்தான். ஜீப் போடியை நோக்கிப் போகிறது.